பழைய கம்ப்யூட்டருக்கு அகல மானிட்டர்: முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் 2012-இல் அசெம்பிள் செய்தது. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், கூட ஒரு 17 இன்ச் சதுர மானிட்டர். அந்த மானிட்டரில் ஒரு நாள் குறுக்கே கோடு விழுந்தது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், நல்லதாகவே போடுவோம் என்று 29 இன்ச் அல்ட்ராவைடு (குறுக்கே 2560, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட மிக அகலத் திரை) ஒன்றை வாங்கிவந்து, கேபிளை மாட்டி ஆன் செய்தால், செட்டிங்ஸில் 1920×1080 புள்ளிகளுக்கு மேல் எதுவுமே இல்லை. அந்தப் படத்தை மானிட்டர் தன் அகலத்துக்கு இழுத்துக் காட்டியதில் யூடியூபில் செய்தி வாசித்தவர் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. வாங்குவதற்கு முன்னால் கேபினட்டைத் திருப்பிப் பார்க்காதது என் தப்பு.

அதனால் கடைக்குப் போகும் முன் அதைச் செய்யுங்கள். பின்பக்கத்தில் நீல நிறத்தில் 15 ஊசித்துளைகளோடு இருப்பது விஜிஏ. பெரும்பாலும் வெள்ளையாக, நீளமாக இருப்பது டிவிஐ. தட்டையாகச் சின்னதாக இருப்பது ஹெச்டிஎம்ஐ, அதே அளவில் ஒரு மூலை மட்டும் வெட்டியது போல இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட். மதர்போர்டில் வரும் டிவிஐ பொதுவாக சிங்கிள் லிங்க் வகை, நொடிக்கு 16.5 கோடி புள்ளிகளுக்கு மேல், அதாவது 165 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், அனுப்பாது. 1920×1080-க்கு 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் மாறும் வேகம்) 148.5 மெகாஹெர்ட்ஸ் போதும், தாராளமாக ஓடும். 2560×1080-க்கு 180-க்கு மேல் வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். ஹெச்டிஎம்ஐ இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். இரண்டாம் தலைமுறை இன்டெல்லின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், அந்த வழியாகவும் 1920×1200 வரைதான் தரும். ஓட்டை புதுசாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு பழசு.

ஆக, நீங்கள் வாங்கப்போவது சாதாரண 16:9 (அகலம் 16-க்கு உயரம் 9) ஃபுல் எச்டி, அதாவது 1920×1080, மானிட்டர் என்றால், ஹெச்டிஎம்ஐயோ டிவிஐயோ இருந்தால் ஒரு பைசா செலவில்லை. டிவிஐ-டு-ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும், ஆடியோ மட்டும் தனியாக ஸ்பீக்கருக்குப் போகட்டும். விஜிஏ மட்டும்தான் இருக்கிறது, புது மானிட்டரில் விஜிஏ இல்லை என்றால் கன்வர்ட்டர் வேண்டும், ஆனால் கடைக்காரர் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் குட்டி வால் பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது, நமக்குத் தேவை நேர் எதிர். திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. யூஎஸ்பியில் கரன்ட் எடுக்கும் விஜிஏ-டு-ஹெச்டிஎம்ஐ என்று அழுத்திச் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கேட்டால், அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டில் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் தனி அட்டை) போடலாம்.

மானிட்டர் அளவு விஷயத்தில் ஒன்று. இன்ச் என்பது மூலைக்கு மூலை அளப்பது, அதனால் அதே இன்ச்சில் அகலமாக ஆக ஆக உயரம் குறையும். பழைய 17 இன்ச் சதுர மானிட்டரின் உயரம் சுமார் 10.6 இன்ச். 18.5 இன்ச் அகலத்திரை வாங்கினால் உயரம் 9 இன்ச்தான், பெரிசு வாங்கினோம் என்று நினைத்தால் வேர்டில் நான்கு வரி குறைந்திருக்கும். பழைய உயரமாவது வேண்டுமென்றால் 21.5 இன்ச், கொஞ்சம் நிம்மதியாக இருக்க 24. 29 இன்ச் அல்ட்ராவைடு உயரத்தில் 24-ஐ விடச் சற்றுக் குட்டை, ஆனால் இரண்டு எக்ஸெல் ஷீட்டை அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்க அதுதான் எனக்குப் பிடித்தது. எழுத்தின் அளவும் பழைய 17 இன்ச்சில் இருந்தது போலவே இருக்கும், இரண்டிலும் இன்ச்சுக்கு ஏறக்குறைய 96 புள்ளி.

சரி, அல்ட்ராவைடு முழுசாக ஓடத் தேவையான கார்டுக்கு வருவோம். கேம் ஆடப்போவதில்லை என்றால் என்விடியாவின் ஜிடி 1030 கார்டு போதும். ஹெச்டிஎம்ஐ 2.0 இருக்கிறது, 30 வாட்தான் இழுக்கும், மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினட்டுக்குள் கரன்ட் தரும் பெட்டி) தனி ஒயர் வேண்டாம். இதில் கார்டின் மெமரியைப் பொறுத்து ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என்று இரண்டு வகை உண்டு, பெயர் ஒன்றே, டிடிஆர்4 நன்றாகவே மெதுவானது, அட்டைப்பெட்டியில் பார்த்து வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டு விலை குறைவாகக் கிடைக்கும், கடையிலேயே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுடையது ஒல்லி கேபினட் என்றால் குட்டைப் பட்டையோடு வரும் லோ புரொஃபைல் கார்டு வேண்டும், இல்லாவிட்டால் மூடி மூடாது.

மாட்டுவது பத்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள், மிச்ச கரன்ட் இறங்கிவிடும். பக்க மூடியைக் கழற்றி, பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நீளமான ஸ்லாட்டுக்கு நேரே பின்னால் உள்ள தகட்டை எடுத்து, கார்டை நேராக வைத்து இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால் ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கி டக்கென்று விழும். அந்தச் சத்தம் வராமல் ஸ்க்ரூ போடாதீர்கள். மூடி திறந்திருக்கும்போதே தூசியைத் தட்டி, ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கமோ மதர்போர்டிலோ உப்பிய கெபாசிட்டர் தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள், கார்டு அப்புறம்.

இனி எல்லாரும் செய்யும் தப்பு: கார்டைப் போட்டுவிட்டு கேபிளைப் பழைய இடத்திலேயே, மதர்போர்டிலேயே மாட்டுவது. திரை கறுப்பாக இருக்கும், கார்டு போச்சு என்று கடைக்கு ஓடுவோம். கேபிள் கார்டில்தான் போக வேண்டும். அப்படியும் படம் வரவில்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) முதல் டிஸ்ப்ளேயை பிசிஐ எக்ஸ்பிரஸ், அதாவது கார்டு இருக்கும் ஸ்லாட், பக்கம் மாற்றுங்கள். படம் வந்த பிறகு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போடும் வரை எல்லாம் இழுபட்டுத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று காட்டினால் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். ஏறியதும் ரெசல்யூஷனில் (திரையின் புள்ளி எண்ணிக்கை) ரெகமெண்டட் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அல்ட்ராவைடில் யூடியூப் பார்த்தால் இரண்டு ஓரமும் கறுப்புப் பட்டை வரும், அது அப்படித்தான்.

இவ்வளவு செய்தும் கம்ப்யூட்டர் நத்தை மாதிரி இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். எச்61-இல் சாட்டா பாதி வேகம்தான், நொடிக்கு 3 ஜிகாபிட், இருந்தாலும் வித்தியாசம் கண்ணில் தெரியும். ராம் 8 ஜிபி. அதற்கு மேல் இந்தப் பெட்டியில் காசு போடாதீர்கள், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ள இன்டெல்லை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன், 2560×1080-ஐ அதுவே கண்டுபிடித்துக்கொண்டது.

அப்புறம் மேஜை. மேலே ஷெல்ஃப் வைத்த அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் டேபிள் என்றால் டேப் எடுத்து உள் அகலத்தை அளந்துவிடுங்கள். 29 இன்ச் அல்ட்ராவைடின் திரை மட்டுமே 26.7 இன்ச் அகலம், என் டேபிளின் இடைவெளி 24. ஷெல்ஃபைக் கழற்றி சமையலறையில் ஊறுகாய் பாட்டிலுக்குக் கொடுத்தாயிற்று. கோடு விழுந்த சதுர மானிட்டரையும் தூக்கிப்போடவில்லை, பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் மாதிரி ஒரு ஆப்ஷன் இருந்தால் எனேபிள் செய்யுங்கள், மதர்போர்டின் விஜிஏவும் கார்டோடு சேர்ந்து ஓடும். இப்போது அதில் கோட்டுக்கு இடப்பக்கம் மட்டும் கால்குலேட்டர் நிற்கிறது.