பேஸ் கிட்டார்: புதிதாக வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரிகர்சலுக்கு ஒரு தம்பி வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம். பேஸ் கிட்டார் வாங்கி எட்டு மாதம் ஆகிறதாம். விரல் நன்றாக ஓடுகிறது, தாளமும் நிற்கிறது. ஆனால் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் அவன் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. "அண்ணா, ஆம்ப் பத்தல போல. பெருசா ஒண்ணு வாங்கணும்" என்றான். எழுந்து போய் அவன் ஆம்பைப் பார்த்தேன். தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் நாப் கடைசி வரை வலது பக்கம். உச்ச ஒலிக்கான ட்ரெபிள் பாதிக்கு மேல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒலிக்கான மிட் நாப் அடியோடு இடது பக்கம். 15 வருடம் முன்னால் நான் வைத்திருந்த அதே செட்டிங்.

அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். டியூன் பண்ணிவிட்டு வாசி, மெட்ரோனோம் வைத்துப் பழகு என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். அதெல்லாம் இங்கே இல்லை.

வீட்டில் அழகாகக் கேட்ட ஒலியை அப்படியே மேடைக்குக் கொண்டு போவது

என்னிடம் அப்போது 100 வாட் ஆம்ப் ஒன்று இருந்தது. திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறையில் வைத்துத்தான் பழகுவேன். கீழே வீட்டுக்காரர் இருப்பதால் சத்தம் குறைவாகவே வைப்பேன். அந்தச் சத்தத்தில் பேஸைக் கூட்டி மிட்டைக் குறைத்தால் ஒலி அவ்வளவு இனிமையாக இருக்கும். ஆழமாக, வழவழவென்று, கேசட்டில் கேட்கிற மாதிரி. நாப் எந்த இடத்தில் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

முதல் பெரிய மேடை லால்குடி பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. இரண்டாவது பாட்டிலேயே டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் திரும்பிப் பார்த்து, "வாசிக்கிறியா இல்லையாப்பா?" என்றார். வால்யூமைக் கூட்டினேன். மேடைப் பலகை அதிர்ந்தது, சுரம் கேட்கவில்லை. கூட்டத்தில் நின்ற நண்பன் அப்புறம் வந்து சொன்னான்: "மேடைக்குப் பின்னாடி லாரியை ஆஃப் பண்ணாம விட்ட மாதிரி இருந்துச்சுடா."

சரி, ஆம்ப் சின்னது என்று முடிவு கட்டினேன். 300 வாட் ஆம்ப் வாங்கினேன். 38,000 ரூபாய், பத்து மாதத் தவணை. அடுத்த கச்சேரியிலும் அதே லாரிதான், இன்னும் பெரிய லாரி. மூன்றாவது மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் சவுண்ட் பார்க்கிறவர் மேடைக்கு ஏறி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிட்டை நடுவுக்கு மேலே திருப்பினார், பேஸை நடுவுக்குக் கீழே இறக்கினார், போய்விட்டார். அடுத்த பாட்டில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. டிரம்ஸ் அண்ணன் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. இரண்டு நாப்பைத் திருப்பினால் தீர்ந்திருக்கும். கடைக்காரரும் சொல்லவில்லை, கூட வாசித்தவர்களும் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் கை நாப்பைத் திருப்பத் துணியும்.

பேஸின் தடித்த ஈ கம்பியைச் சும்மா மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு வினாடிக்கு 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸ். சத்தம் குறைவாக இருக்கும்போது இவ்வளவு தாழ்ந்த ஒலி நம் காதுக்குச் சரியாக எட்டாது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் மாடி அறையில் பேஸ் நாப்பைக் கூட்டச் சொல்லிக் காது கேட்கிறது. மேடையில் சத்தம் ஏறியதும் காதுக்கு அந்தக் குறை பெருமளவு போய்விடும். நாம் கூட்டி வைத்தது மட்டும் அப்படியே இருக்கும்.

அப்புறம், அந்தத் தாழ்ந்த பகுதியில் நாம் மட்டும் இல்லை. கிக் டிரம்மின் 'தும்' ஏறக்குறைய 50லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் வருகிறது. நாமும் அங்கேயே போய் உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் மண்டபத்தில் இந்தத் தாழ்ந்த ஒலி சீக்கிரம் அடங்கவும் அடங்காது. ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்த சுரம் வந்து அதன்மேல் விழும்.

கேட்கிறவருக்கு இது இன்ன சுரம் என்று தெரிவது பெரும்பாலும் 41 ஹெர்ட்ஸால் இல்லை. அதே கம்பியில் கூடவே எழும் 82, 124, 165 என்று மேலே ஏறிப்போகும் அதிர்வுகளால்தான். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். போனின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் தெரிந்த பாட்டைப் போட்டால் பேஸ் எங்கே போகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். மேலே உள்ள அதிர்வுகளை வைத்து மூளை கீழே உள்ளதை நிரப்பிக்கொள்கிறது. சுரத்தைப் பிரித்துக் காட்டும் பகுதி பெரும்பாலும் 250லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. மிட் நாப்பைக் குறைத்தால் போவது அதுதான்.

இப்போது கணக்கு. 100 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் ஒலி 5 டெசிபல்கூட இல்லை. பல ஆம்ப்களில் மிட் நாப்பை அடியோடு குறைத்தால் 15 டெசிபல் வரை போகும். 38,000 ரூபாய் கொடுத்து 5 வாங்கிக்கொண்டு, கையால் 15ஐத் தூக்கிப் போட்டிருக்கிறேன். போதாததற்கு, பேஸ் நாப்பை 15 டெசிபல் கூட்டினால் அந்தத் தாழ்ந்த பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய 30 மடங்கு சக்தி வேண்டும். ஆம்பில் இருக்கும் வாட்டெல்லாம் யாருக்கும் கேட்காத உறுமலுக்கே செலவாகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்லா நாப்பையும் நடுவில் வையுங்கள். முழுக் குழுவும் வாசிக்கும்போது மட்டும் திருத்துங்கள், தனியாக வாசித்துப் பார்த்துத் திருத்தாதீர்கள். கேட்கவில்லையா, வால்யூமைத் தொடும் முன் மிட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், பேஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி இருக்கும், பிடிக்காது. பரவாயில்லை, குழுவோடு சேரும்போது அது சரியாக உட்காரும். ஆம்பைத் தரையில் வைத்தால் நம் முழங்காலுக்குத்தான் கேட்கும், ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள். யாரையாவது கூட்டம் நிற்கும் இடத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் நாப்களை நான் தொடவில்லை, அவனையே திருப்பச் சொன்னேன். மிட்டை மணி இரண்டு காட்டும் இடத்துக்குக் கொண்டு வந்தான். முதல் சரணத்தில் டிரம்ஸ் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். 15 வருடம் முன்னால் என்னைப் பார்த்த அதே அண்ணன்தான். புது ஆம்ப் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவே இல்லை.

பேட்டரி

ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஜாக்கில் கேபிள் இருக்கும்வரை உள்ளே 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கீபோர்டின் இடது கையைப் பற்றிப் பேசாமல் மேடை ஏறுவது

நம் ஊர் மெல்லிசைக் குழுக்கள் பலவற்றில் பேஸ் கிட்டார் கிடையாது. கீபோர்டு வாசிப்பவரே இடது கையில் பேஸையும் பார்த்துக்கொள்வார். பல வருடப் பழக்கம். திடீரென்று நீங்கள் போய் நின்றால் அவர் கை தானாக அந்தக் கட்டைகளுக்குத்தான் போகும். இரண்டு பேரும் ஒரே சுரம் வாசித்தாலே குழப்பம். அவர் ஈயில் இருந்து நீங்கள் ஒரு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தள்ளி எஃப்பில் இருந்தால், வினாடிக்கு இரண்டு மூன்று தடவை ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். கூட்டத்தில் இருப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். பழியும் புதிதாக வந்தவர்மேல்தான் விழும்.

மேடையில் முறைத்துப் பிரயோஜனமில்லை. ரிகர்சல் தொடங்கும் முன்பே மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணே, நான் இருக்கிற பாட்டுல இடது கையைக் கொஞ்சம் மேல வெச்சுக்கிறீங்களா?" இப்படிக் கேட்டு மறுத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வாசித்து வாசித்துக் கை ஓய்ந்தவர்கள், சந்தோஷமாகவே விட்டுக்கொடுப்பார்கள்.

மெல்லிய ஸ்ட்ராப்

பேஸ் சாதாரணமாக நாலு கிலோ இருக்கும். அகலமான ஸ்ட்ராப் வாங்குங்கள்.

கிட்டார் ஆம்பில் பேஸ் போடுவது

வீட்டில் மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. சத்தமாக வைத்தால் ஸ்பீக்கரின் கோன் தாங்காது. இரவல் ஆம்ப் என்றால் நட்பும் சேர்ந்து போகும்.

ஜேமர்சன் கம்பி மாற்றமாட்டாராமே என்று நாமும் மாற்றாமல் இருப்பது

டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததை பேஸ் பழகுகிற யாரும் தாண்டிப் போக முடியாது. வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே அத்தனையும் வாசித்தார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பதும் உண்மைதான். ஆனால் அவர் தன் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் போட்டிருந்தது மேல்பரப்பு வழுவழுப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அது பழசாகப் பழசாக அந்த 'தும்' ஒலி இன்னும் கனியும். நாம் கடையில் வாங்கும் பேஸில் பெரும்பாலும் இருப்பது உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட். சுற்றின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேரும், நம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். மேலே ஏறிப்போகும் அதிர்வுகள் எல்லாம் மங்கிப்போகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதியும் லேசாக விலகும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தாலே ஆயுள் கூடும்.

கம்பி உயரத்தைக் குறைக்க டிரஸ் ராடைத் திருகுவது

நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கின்றன. கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராட் அந்த இழுப்புக்கு எதிர் நிற்கிறது. கம்பி உயரமாக இருக்கிறது என்றால் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் சின்னத் திருகுகளைப் பாருங்கள், வேலை அங்கே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்துக் கழுத்து வளைந்தால் மட்டும் ராடைத் தொடலாம். ஒரு தடவைக்குக் கால் திருப்பம், அப்புறம் டியூன் செய்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ராட் திரும்ப மறுத்தால் பலம் போடாதீர்கள், ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போங்கள்.

'ரெண்டு கம்பி குறைஞ்ச கிட்டார்' என்ற ஜோக்கை நம்புவது

குழுவில் சேர்ந்தால் இதெல்லாம் காதில் விழும். கிட்டார் வராதவன்தான் பேஸுக்கு வருவான். போட்டோவில் ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிந்தால் அவன்தான் பேஸ். பேஸ் வாசிக்கிறவன் லீவு போட்டால் அடுத்த கச்சேரியில்தான் தெரியும். நானும் சேர்ந்து சிரிப்பேன், நல்ல ஜோக்குகள்தான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் இதை உள்ளுக்குள் நம்பிவிடுகிறார்கள். நம்பியதும், நானும் கிட்டார்காரன்தான் என்று காட்ட ஒவ்வோர் இடைவெளியிலும் சுரத்தை இட்டு நிரப்புகிறார்கள்.

பேஸ் கிட்டாருக்கு ரத்த உறவு கிட்டாரோடு மட்டும் இல்லை. ஆளுயர டபுள் பேஸின் அதே ஈ, ஏ, டி, ஜி சுருதிதான் இதற்கும். டபுள் பேஸைத் தூக்கிச் சுமக்கும் சிரமத்துக்கு லியோ ஃபெண்டர் 1951ல் கொண்டுவந்த பதில்தான் பிரிசிஷன் பேஸ். ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக நிற்கும் என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். வேலையும் டபுள் பேஸின் வேலைதான்: தாளத்தையும் சுருதியையும் சேர்த்துக் கட்டுவது. அதில் பாதி, சுரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம். பேஸின் கம்பி தடிமன், நீளமும் அதிகம். நீங்கள் தொடாத கம்பியும் பக்கத்துக் கம்பி அதிர்ந்தால் தானாக முனகும். ஆகவே இரண்டு கைக்கும் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. ஏ கம்பியை வாசிக்கும்போது வலது கைக் கட்டைவிரல் ஈ கம்பி மேல் சாய்ந்திருக்க வேண்டும். டி கம்பிக்கு ஏறினால் கட்டைவிரல் ஏவுக்கு நகரும், அதன் பக்கவாட்டு ஈயைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இடது கையில் சும்மா இருக்கும் விரல்கள் மெல்லிய கம்பிகளை அழுத்தாமல் தொட்டிருக்கும்.

பழக ஒரு வழி: மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60ல் வையுங்கள். ஒரே ஒரு சுரம். தட்டு விழும்போது மீட்டி, அடுத்த தட்டுக்குச் சரியாகப் பாதியில் இடது கை விரலைத் தளர்த்தி நிறுத்துங்கள். மீதிப் பாதியில் ஆம்பிலிருந்து எந்தச் சத்தமும் வரக்கூடாது. பத்து நிமிடம் இதையே செய்யுங்கள்.

அந்தத் தம்பியை ரிகர்சல் முடிந்ததும் உட்கார வைத்து இதைச் செய்ய வைத்தேன். நாலாவது நிமிடம் வரை சுத்தமாக இருந்தது. அப்புறம் கட்டைவிரல் தன்னையறியாமல், கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்குத் திரும்பிப் போனது, ஈ கம்பி லேசாக முனக ஆரம்பித்தது. நான் சொல்வதற்குள் அவனே கேட்டுவிட்டான். வாசிப்பதை நிறுத்திக் கட்டைவிரலைப் பார்த்தான், மறுபடி ஈ கம்பி மேல் வைத்தான், மெட்ரோனோமை முதலிலிருந்து போட்டான்.