புதிய லிக்விட் கூலர் கணினியில் பிராசஸர் கொதித்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவை ஒட்டிய உள்ளறையில், சென்ற சித்திரை மாதம் நானே பாகம் பாகமாகப் பூட்டிய கணினி, முதல் நாளே பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) பிராசஸரின் வெப்பம் 78 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. இன்டெல் கோர் ஐ5-13600கே பிராசஸரும் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலரும் உள்ள கணினி அது. பிராசஸரின் மேல் அமரும் செப்புத் தட்டு சூட்டை வாங்கி நீருக்குத் தரும், பம்ப் அந்த நீரைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே ஃபேன்கள் சூட்டை வெளியேற்றும். லிக்விட் கூலர் என்பது இதுதான். வேலை எதுவும் தராமல் சும்மா நிற்கும்போது அதற்கு அவ்வளவு சூடு வரக் காரணமே இல்லை. விண்டோஸை ஏற்றி, பிராசஸருக்கு முழுச் சுமை தரும் சினிபெஞ்ச் சோதனையை ஓடவிட்டதும், இரண்டே நொடிகளில் 100 டிகிரியைத் தொட்டுப் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அந்தப் பிராசஸருக்கு இன்டெல் வகுத்துள்ள உச்ச வரம்பு அதுதான்.

மூன்று இரவுகள் கழித்துக் கோளாறு பிடிபட்டது. நான் தேடிய வரிசையில் எழுதாமல், எந்த வரிசையில் தேடியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்குமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், சூடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார் பட்டியலில் பிராசஸரின் வெப்பம், அது இழுக்கும் வாட், பம்ப்பின் சுழற்சி வேகம் ஆகிய மூன்றையும் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு நிறுவனங்கள் தரும் வண்ணமயமான மென்பொருள்களை நான் நம்புவதில்லை. அவை கணினியின் வேகத்தைத் தின்பதோடு, ஃபேன் அமைப்புகளையும் நம்மைக் கேட்காமல் மாற்றிவிடுகின்றன. பிறகு சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்த நேரத்தில் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து ரேடியேட்டரின் ஓரத்தையும் இரண்டு குழாய்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

வெப்பம் ஓரிரு நொடிகளில் உச்சத்துக்குத் தாவி, ரேடியேட்டரோ தண்ணென்று இருந்தால், பிராசஸரின் சூடு நீருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். பம்ப் ஓடவில்லை, அல்லது பிராசஸரின் மூடியும் கூலரின் செப்புத் தட்டும் சரியாகத் தொட்டுக்கொள்ளவில்லை. வெப்பம் பத்து, பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி, ரேடியேட்டரும் கையில் சுடுகிறது என்றால், நீருக்குச் சூடு வந்துவிட்டது, அதை வெளியேற்றத்தான் வழியில்லை. ஃபேன்களையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான், முதல் இரவு முழுவதும் ஃபேன்களைத் திருப்பித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தேன். என் ரேடியேட்டர் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் போலக் குளிர்ந்தே இருந்தது.

பம்ப்

பம்ப்பின் ஒயரை மதர்போர்டில் பம்ப்புக்கென்று குறித்த இணைப்பில் மாட்டி, பயாஸில் அதை எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி அமைத்துவிடுங்கள். ஃபேனுக்கான இணைப்பில் மாட்டி அமைதி நிலையில் விட்டால், சூடு குறைவாக இருக்கும்போது மின்னழுத்தம் குறைந்து பம்ப் திணறும். மின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) நேராக எடுக்கும் கூலர் என்றாலும், அதன் வேகத்தைச் சொல்லும் சிறிய ஒயரைப் பிராசஸர் ஃபேன் இணைப்பில் மாட்டாவிட்டால், ஃபேன் இல்லை என்று கூறிக் கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடக்கூடும். பம்ப்பின் மேல் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். கலகலவென்று நீர் அலம்பும் ஒலி கேட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்ப்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டினால் காற்று அங்கே போய் ஒதுங்கிவிடும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் கூரையில் மாட்டுவதே என் விருப்பம்.

செப்புத் தட்டும் தாங்கு திருகுகளும்

என்னை வீழ்த்திய இடம் இதுதான். கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டால், பிராசஸருக்கும் தட்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் இளகி, எளிதில் பிரியும். கழற்றியதும் செப்புத் தட்டில் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். அதை உரிக்க மறப்பவர்கள் நிறையப் பேர், நான் உரித்திருந்தேன். ஆனால் பேஸ்ட் நான் வைத்தபடியே நடுவில் மொத்தையாக நின்றிருந்தது, ஓரங்களில் பரவவே இல்லை. போதிய அழுத்தம் விழவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

காரணம், கூலர் பெட்டியில் இருந்த இரண்டு பொட்டலங்கள். சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசஸர் அமரும் இடம், தாங்கு திருகுகள் என்பவை அதன் மேல் கூலரைத் தாங்கி நிறுத்துபவை. ஒன்றில் பழைய எல்ஜிஏ 1200 சாக்கெட்டுக்கான தாங்கு திருகுகளும், மற்றொன்றில் என் பிராசஸர் அமரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கானவையும் இருந்தன. பழைய சாக்கெட்டில் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், புதியதில் 78 மில்லிமீட்டர். மதர்போர்டின் பின்புறம் மாட்டும் பின்தட்டின் துளைகளை நகர்த்தி அதைச் சரியாகவே பொருத்தியிருந்தேன். நான் கவனிக்கத் தவறியது உயரத்தை. எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பிராசஸரின் மேற்பரப்பு பழையதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு தாழ்ந்திருப்பதால், அதற்குரிய தாங்கு திருகுகளும் குட்டையாக இருக்கும். பழைய திருகும் அதே மரையில் ஏறி, முடுக்கினால் இறுகவும் செய்கிறது. ஆனால் தட்டு பிராசஸரின் மேல் அமராமல் அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு பொட்டலத் திருகுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரு அட்டையை மேலே வைத்துப் பார்த்தபோதுதான் அட்டை சாய்ந்தது. வெறுங்கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

சரியான திருகுகளை மாட்டியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காபி வடிதாளால் இரு பரப்புகளையும் துடையுங்கள். பழைய வேட்டித் துணியால் துடைத்து, நூலிழைகளைப் பொறுக்குவதில் நான் ஒரு மணி நேரம் செலவிட்டேன். இந்தப் பிராசஸரின் மூடி நீள்செவ்வகமானது என்பதால், நடுவில் ஒரு பட்டாணி அளவு வைப்பதைவிடக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகள் இழுப்பதே சிறந்தது. லாரிச் சக்கரத்தின் நட்டுகளைப் போல எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு சுற்று மட்டும் முடுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு ஒருபுறம் சாய்ந்துவிடும்.

மின் வரம்பு

கூலர் சரியாக அமர்ந்த பிறகும் சூடு அதிகமென்றால் பயாஸைப் பாருங்கள். ஐ5-13600கே பிராசஸருக்கு இன்டெல் வகுத்த உச்ச மின்னளவு 181 வாட். பல மதர்போர்டுகள் அதைத் தாமாகவே 4095 அல்லது 4096 வாட் என்று அமைத்து, வரம்பே இல்லாமல் திறந்துவிடுகின்றன. நான் 181 என்று கையால் தட்டச்சு செய்தேன். அதன்பின் அறை வெப்பம் 33 டிகிரியாக இருந்த பகலில், பத்து நிமிடச் சோதனை முடிவில் 84 டிகிரி. சும்மா நிற்கும்போது 42.

பின்சேர்க்கை

இதே கோளாறு என்று தேவகோட்டையிலிருந்து எழுதிய ஒருவரின் பிராசஸர் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 7700எக்ஸ். அந்த வகைப் பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை ஏறும்படியே வடிவமைக்கப்பட்டவை. அவர் கூலரில் பிழை எதுவும் இல்லை. பயாஸில் மின் பயன்பாட்டைக் குறைக்கும் 65 வாட் ஈகோ முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், சூடு இறங்கிவிட்டது.

மற்றொருவர், கூலருக்குள் நீர் குறைந்திருக்குமோ என்று குழாயைப் பிரித்து வீட்டுத் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. இத்தகைய கூலர்களில் தட்டு செப்பு, ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். இரு வேறு உலோகங்கள் உப்புள்ள நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். அதைத் தடுக்கும் வேதிப்பொருள் கலந்த நீரைத்தான் நிறுவனம் அடைத்து அனுப்புகிறது. 1948இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊரில் இருந்துகொண்டு உலோக அரிப்பை மறக்கலாகாது.

இன்னொன்று, அறை. இத்தகைய எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறை 5 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். ஆகவே 22 டிகிரி அறையில் சோதித்தவர்களின் எண்களோடு நம் எண்களை ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். எங்கள் உள்ளறைக்குச் சன்னல் இல்லை. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தபோது 91 வரை போன பிராசஸர், "வளவுக் கதவைத் திறந்து வையப்பா, முற்றத்துக் காற்று வரட்டும்" என்று அப்பத்தா சொன்னதைக் கேட்ட அன்று முதல் 86ஐத் தாண்டவில்லை.