பக்கத்துக் காணி காடாகிக் கிடந்தால் யாரிடம் போவது?

கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலையகத்துக்கு வந்த புதிதில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு பாழ் வீடு கிடந்தது. கூரைத் தகரம் பாதி பறந்து போயிருந்தது. முற்றத்தில் ஆள் உயர மானாப்புல், அதன் நடுவே ஒரு மரம், மரத்தில் குளவிக்கூடு. தேயிலை மலையில் குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தி இங்கே பத்திரிகையில் அடிக்கடி வரும். பயந்துபோய் 'பிரதேச' என்று பலகை தொங்கிய முதல் ஆபீசுக்குள் நுழைந்தேன். அரை நாள் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது பிரதேச செயலகம். நான் போக வேண்டியது பிரதேச சபைக்கு.

இந்தக் குழப்பம் உங்களுக்கும் வரும். பிரதேச செயலகம் அரசாங்கத்தின் நிர்வாக அலுவலகம். அடையாள அட்டை, அரச காணி போன்ற வேலைகள் அங்கே. குப்பை, வடிகான், தெருவிளக்கு, பாழடைந்த கட்டடம் எல்லாம் நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபையின் பாடு. டவுனில் அது நகர சபை அல்லது மாநகர சபை: ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை நகர சபைகள், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை மாநகர சபைகள். அதற்கு வெளியே பிரதேச சபை. அவற்றுக்கான சட்டம் 1987இல் வந்தது.

ஆனால் எந்த ஆபீஸ் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் காணி யாருடையது? இந்தப் பதில் கிடைக்காமல் நீங்கள் எங்கே போனாலும் அடுத்த கதவைத்தான் காட்டுவார்கள். முதலில் ஜி.எஸ்.ஸைப் பாருங்கள், அதாவது கிராம சேவகரை. நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி. அநேகமாக அவருக்கே தெரிந்திருக்கும். டவுன் எல்லைக்குள் என்றால் சபையின் சோலைவரிப் பதிவில் உரிமையாளர் பெயர் இருக்கும். சோலைவரி என்றால் நம் வீட்டு வரிதான். உரிமையாளர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். பங்காளிச் சண்டையில் உறுதி யார் கையில் என்றே தெரியாமலும் கிடக்கலாம். (பத்திரத்தை இங்கே உறுதி என்பார்கள்.)

தோட்டக் காணி என்றால் கதை வேறு. பெரிய தோட்டங்களின் நிலம் அரசுடையது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் அதை நடத்துகின்றன. சில தோட்டங்கள் இன்னும் ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம் என்ற இரண்டு அரச நிறுவனங்களின் கையில். காடாகிப்போன தேயிலை மலை, இடிந்து கிடக்கும் பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இவற்றுக்கு முதலில் தோட்ட ஆபீசில் துரைக்கு, அதாவது தோட்ட மேனேஜருக்கு, கடிதம் கொடுக்க வேண்டும். பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கவே பல வருடங்களாகச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். அந்தப் பழைய பழக்கத்தில் "அது தோட்டத்துப் பிரச்சினை" என்று கையை விரிப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படிச் சொன்னால் திருத்தம் வந்த வருடத்தை நினைவூட்டுங்கள். கோபப்படாமல்.

தனியார் காணி என்றால் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு, அதாவது புகார், கொடுங்கள். சபை உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பிக் கெடு கொடுக்கும். கெடு தாண்டினால் விஷயம் நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம் வரை போகலாம். விழுந்து யாரையாவது காயப்படுத்தும் நிலையில் உள்ள கட்டடத்தை அகற்ற உத்தரவிட நீதவானுக்கே அதிகாரம் உண்டு. இதெல்லாம் ஒரு வாரத்தில் நடக்காது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான். என் முதல் கடிதம் அப்படித்தான் காணாமல் போனது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஆகவே உங்கள் வட்டார உறுப்பினர் கையிலும் ஒரு பிரதி போகட்டும். பதிலே இல்லையா? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஆனால் அது பிரஜைகளுக்கான உரிமை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த நான் வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

பொறுமை போய் நீங்களே கத்தியோடு இறங்காதீர்கள். அது அடுத்தவர் காணி. பலா மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரியும். மானாவுக்குத் தீ வைக்கவே கூடாது. வெயில் காலத்தில் மலை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். சரிவில் இருக்கும் பாழ் வீட்டின் மதிலில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்வது, திடீரென்று ஊற்று கிளம்புவது எதையாவது கண்டால் நோட்டீசுக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியேறி 117க்கு அழையுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் (நம் பேரிடர் மேலாண்மை) இலக்கம்.

நுளம்பு என்றால் வேகம் கூடும். நம் கொசுதான் இங்கே நுளம்பு. நுவரெலியாக் குளிரில் டெங்கு குறைவு, கண்டி மாத்தளைப் பக்கம் அப்படியில்லை. நுளம்பு பெருகும் இடங்களைத் தடுக்க 2007இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். தண்ணீர் தேங்கும் டின், சிரட்டை, டயர் எதையும் விட்டுவைக்கக் கூடாது. அதைப் பார்க்க வருபவர் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

எங்கள் முறைப்பாட்டுக்கும் கடைசியில் அவர்தான் வந்தார். பாழ் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டார். திரும்பிப் போகும்போது எங்கள் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். காற்றில் தகரம் பறக்காமலிருக்க நாங்கள் தூக்கி வைத்திருந்த நான்கு டயர்களிலும் மழைத் தண்ணீர். முதல் நோட்டீஸ் எங்களுக்குத்தான் வந்தது.