வாழ்க்கைத் துணை வெளிநாட்டில் இருக்கும்போது தமிழ்நாட்டில் விவாகரத்து மனு தாக்கல் செய்யும் முறை

கணவர் அமெரிக்காவில் இருப்பதால் வழக்கையும் அங்கேதான் நடத்த வேண்டும் என்று அஞ்சிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் பிறந்த வீட்டிலேயே காத்திருக்கிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. எதிர்மனுதாரர் (யார் மீது வழக்குத் தொடுக்கப்படுகிறதோ அவர்) இந்தியாவுக்கு வெளியே வசித்தால், மனுதாரர் தற்போது வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு தாக்கல் செய்யலாம் என்று 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவில் சொல்கிறது. இது கணவர், மனைவி இருவருக்கும் பொருந்தும். கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி செய்த பதிவுத் திருமணங்களுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளதால், இவ்விளக்கம் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு மட்டுமே.

முதற்படியாக, திருமணப் பதிவுச் சான்று, அழைப்பிதழ், திருமணப் புகைப்படங்கள், உங்கள் முகவரிச் சான்று, துணைவரின் பாஸ்போர்ட், விசா நகல்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களைச் சான்றாக வைப்பதானால், 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும் என்பதால், அவை இருக்கும் கைபேசியை மாற்றிவிடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் தயங்க வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அடுத்து, வழக்கின் வகையை முடிவு செய்யுங்கள். இருவரும் சம்மதித்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி பரஸ்பர சம்மத மனு போதும்; ஆனால் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை (தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம்) தம் பெற்றோர் போன்ற ஒருவருக்கு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். காணொலி வழியே ஆஜராக அனுமதி கேட்டும் மனு செய்யலாம். முதல் மனுவுக்குப் பிந்தைய ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. சம்மதம் கிடைக்காவிட்டால், கொடுமை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிட்டிருத்தல் போன்ற காரணங்களை நாள், இடம் குறிப்பிட்டு மனுவில் எழுத வேண்டியிருக்கும்.

இனி வருவதுதான் மிகக் கடினமான படி: சம்மன் சார்பு செய்தல், அதாவது நீதிமன்ற அழைப்பாணையை எதிர்மனுதாரரிடம் முறைப்படி சேர்ப்பித்தல். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் வழக்கில், அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரும் தெருவும் சரியாக இருந்தும் வீட்டு எண் மட்டும் விடுபட்டதால் சம்மன் திரும்பி வந்தது. அந்த ஒற்றை எண்ணைத் தேடிச் சேர்த்து மீண்டும் அனுப்பி முடிப்பதற்குள் எட்டு மாதங்கள் கரைந்தன. ஆகவே முகவரியை அஞ்சல் குறியீடு வரை சரிபாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு, நீதிமன்ற ஆவணங்களை வெளிநாடுகளில் சேர்ப்பிப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின்படி புதுதில்லியில் உள்ள மத்திய சட்ட அமைச்சகத்தின் வழியே சம்மன் அனுப்பப்படும். தமிழில் உள்ள மனுவுக்கு அந்நாட்டு மொழியில் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில். மின்னஞ்சல் வழியாகவும் அனுப்ப நீதிபதியிடம் தனியே அனுமதி கேளுங்கள். முறையாகச் சார்பு செய்த பிறகும் எதிர்மனுதாரர் வரவில்லை என்றால், அவர் இல்லாமலேயே வழக்கு ஒருதலைப்பட்சமாக நடைபெறும். அப்போதும் நீங்கள் சாட்சியம் அளித்தே ஆக வேண்டும். வழக்கு நடக்கும் காலத்து ஜீவனாம்சத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்கீழ் மனு செய்யத் தவறாதீர்கள்.

இதற்கிடையே வெளிநாட்டு நீதிமன்றத்தின் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும். பதற்றத்தில் எதிலும் கையெழுத்திட வேண்டாம். குப்பையில் போடவும் வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, எதிர்த்தரப்பு மனமுவந்து அந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்காத நிலையில் வழங்கப்பட்ட அயல்நாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கட லட்சுமி வழக்கில் கூறியிருக்கிறது. நீங்கள் அங்கே பதில் மனு போட்டு வழக்காடினால் இந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடலாம் என்பதால், அந்தத் தாள்களை உறையோடு வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டிய பின்னரே பதில் அனுப்புங்கள்.

தீர்ப்பு கிடைத்ததும் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். மேல்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை மறுமணம் செய்துகொள்ளக் கூடாது.