ஜெராக்ஸ் கடையில் ஆதாரை விட்டுவிட்டு வராமல் இருக்க

பழனியில் லாட்ஜில் ரூம் எடுக்க ஐந்து பேருக்கும் ஆதார் நகல் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "வாட்ஸப்ல போட்டு விடுங்கண்ணா" என்று சுவரில் ஒட்டியிருந்த நம்பரைக் காட்டினார் கடைத் தம்பி. அவர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது: ஆதார், பான், ரேஷன் கார்டு, யாரோ ஒரு அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அனுப்புகிறவர்கள் நாம்; கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழிக்க அவருக்கு ஏது நேரம்?

நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். லேப்டாப் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பேன், எந்த ஆப்புக்கும் லொக்கேஷன் தர மாட்டேன். வீட்டில் கிறுக்கன் என்று பெயர். அப்படிப்பட்டவனும் ஆதார் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

முதலில், மறைத்த ஆதார். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் டவுன்லோட் செய்யும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே 'முழு நகலைக் கொடுக்காதீர்கள், மறைத்ததைக் கொடுங்கள்' என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அது வாபஸ் ஆனது தனிக்கதை. மறைத்த ஆதார் வசதி மட்டும் அப்படியே இருக்கிறது. அரசு மானியம் மாதிரி விஷயங்களுக்கு முழு எண் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆகவேண்டும். லாட்ஜுக்கு எதற்கு?

அந்த பிடிஎஃப்புக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான். கடையில் அதையும் சத்தமாகச் சொல்லித்தான் பிரிண்ட் எடுக்கிறோம். அதனால் வீட்டிலோ ஆபீஸிலோ பிரிண்டர் கிடைக்கிற அன்றைக்கே ஆளுக்கு ஐந்தாறு எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள். பாதி தலைவலி போயிற்று.

கடைக்கே போக வேண்டி வந்தால், பிரிண்ட் வந்த பிறகு ஒரு நிமிடம் நில்லுங்கள். வாட்ஸப்பில் 'எல்லோருக்கும் அழி' கொடுத்தால் சாட்டில் இருப்பது போகும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறங்கிய ஃபைல் போகாது. "தம்பி, அதை ஷிஃப்ட் டெலிட் அடிச்சிருங்க" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதுவரை ஒருவரும் எனக்கு மறுத்ததில்லை.

நகலைக் கொடுக்கும் முன் அதன் குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: 'லாட்ஜ் தங்கலுக்கு மட்டும்', தேதி, கையெழுத்து. எழுத்து அச்சின் மேல் ஏற வேண்டும். ஓரத்தில் எழுதினால் மடித்து இன்னொரு நகல் எடுத்துவிடலாம். பழனி லாட்ஜ்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், சாவியைக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக, கைரேகைப் பூட்டு. இதுதான் முக்கியம். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை மூன்றும் இருந்தால் சின்னக் கடைகளில் இருக்கும் மெஷினில் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். பின் நம்பரும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஏடிஎம் இல்லாத கிராமத்துக்கு அருமையான ஏற்பாடு. ரேகையைப் போலியாகச் செய்கிறவனுக்கும் அப்படியே. ஆதார் ஆணையத்தின் ஆப்பிலோ மைஆதார் தளத்திலோ பயோமெட்ரிக் லாக் போட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். அங்கேயே கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். பணமே போய்விட்டால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரேகையைப் பூட்டினால் ரேஷன் கடையிலும் பூட்டுதான். நான் அம்மாவிடம் சொல்லாமல் பூட்டிவிட்டேன். மெஷினில் விரல் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, பாமாயிலும் இல்லாமல் பருப்பும் இல்லாமல் வெறும் பையோடு வந்தார். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பூட்டைத் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம்தான் தாங்கும். ஆகவே வீட்டிலிருந்தே திறந்துவிட்டுப் போகாதீர்கள். வரிசையில் முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், நான் திறந்துவிடுவேன்.