மூணாவது தடவை அமுக்காதீங்க, ஆயா

ஏடிஎம் பின் நம்பர் மறந்துபோச்சு என்று ஒரு பெரியவர் வந்து நின்றால் நான் முதலில் கேட்பது, "எத்தனை தடவை தப்பாப் போட்டீங்க?" என்பதுதான். பெரும்பாலான வங்கிகளில் மூன்று முறை தவறாகப் போட்டால் கார்டு முடங்கிவிடும். இரண்டு முறையோடு நிறுத்திவிட்டு வந்தவருக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம். அதைக் குத்துமதிப்பாக அமுக்கிப் பார்த்து வீணாக்கக் கூடாது. மூன்றும் போய்விட்டதா? பல வங்கிகளில் ஒரு நாள் கழித்துத் தானாகத் திறந்துகொள்ளும். பணம் பத்திரமாக இருக்கிறது என்பதை மட்டும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இரண்டு தடவை சொல்லுங்கள். கார்டு செத்துப்போனால் கணக்கில் இருந்த காசும் போய்விட்டது என்று நம்பி அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர்களும், பின்னி மில்லில் வேலை பார்த்து பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களும் வருவார்கள். 15-ம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை எடுக்க வேண்டிய பெண்கள். 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது ஏடிஎம் கார்டும் கொடுத்தார்கள். அதுதான் வாழ்க்கையில் முதல் கார்டு என்கிற அம்மாக்கள் எங்கள் தெருவில் நிறைய. ஜெராக்ஸ் கடைக்காரி என்றால் ஏடிஎம்மும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

"நீயே நம்பர வச்சுக்கோ கண்ணு, எனக்கு மண்டைல நிக்க மாட்டேங்குது" என்பார்கள். வாங்கிக்கொள்ள மாட்டேன். நீங்களும் வாங்காதீர்கள், சொந்த மகளாகவே இருந்தாலும். நாளைக்குக் கணக்கில் ஐந்நூறு குறைந்தால் முதல் சந்தேகம் நம்பர் தெரிந்தவர் மேல்தான் விழும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும். அதோடு, வாடிக்கையாளரே பின்னையோ ஓடிபியையோ அடுத்தவருக்குச் சொல்லி அதனால் பணம் போனால், வங்கிக்குப் புகார் கொடுக்கும் வரையிலான நஷ்டம் முழுக்க அவருடையதுதான் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. பெரியவர் தாமே புது நம்பர் போட்டுக்கொள்ள வழி செய்து கொடுப்பதுதான் உதவி. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

பழைய நம்பரைக் கேட்டு வங்கியில் வரிசையில் நிற்க வேண்டாம். மேனேஜருக்கும் அது தெரியாது. புதுசுதான் போட முடியும். முன்பெல்லாம் ஒட்டிய கவரில் தபாலில் வரும். இப்போது செல்போனுக்கு ஓடிபி வரும், அதை வைத்துப் புது நம்பர். ஸ்டேட் பேங்க் என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் PIN என்று அடித்து, இடம் விட்டு கார்டின் கடைசி 4 எண், மறுபடி இடம் விட்டு கணக்கு எண்ணின் கடைசி 4 எண், இதை 567676-க்கு அனுப்பினால் ஓடிபி வரும். அதை எடுத்துக்கொண்டு அவர்களுடைய ஏடிஎம்முக்குப் போய்ப் புது பின் வைக்கலாம். பட்டன் போனிலேயே முடிகிற வேலை. மற்ற வங்கிகளில் ஏடிஎம் திரையிலோ, ஃபோன் செய்தோ, ஆப்பிலோ இதே வசதி உண்டு. ஃபோன் நம்பரைக் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ மட்டும் எடுங்கள். இணையத்தில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் மேலே வந்து நிற்பதில் போலி நம்பர்களும் உண்டு. எதிர்முனையில் எடுப்பவன் நல்ல தமிழில், மரியாதையாகத்தான் பேசுவான்.

எல்லாம் சரி, ஓடிபி வராது. பாதிப் பேருக்கு இங்கேதான் இடிக்கும். கணக்கு தொடங்கியபோது கொடுத்த செல்போன் நம்பரே இப்போது இருக்காது. கொஞ்ச நாள் ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட சிம் முடங்கி, அந்த நம்பரைக் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்திருக்கும். இல்லையென்றால் துபாயில் இருக்கும் மகனின் நம்பர்: அங்கே அவன் டூட்டியில் இருப்பான், இங்கே அம்மா ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஆகவே கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் பாஸ்புக்கைப் பாருங்கள், எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். மாறியிருந்தால் பெரியவரையே கிளைக்கு அழைத்துப் போய், பாஸ்புக், ஆதார் அசல், நகலோடு நம்பர் மாற்றும் படிவத்தைக் கொடுங்கள். அவர் கையில் இருக்கும் போனின் நம்பரே இருக்கட்டும். முடியவே முடியாதென்றால் அதே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறவர் ஒருவருடையது.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பட்டன் போனில் மெசேஜ் பெட்டி நிரம்பியிருந்தால் ஓடிபி உள்ளே வராது. லோன் வேணுமா, ரீசார்ஜ் பண்ணு என்று வந்த குப்பை முழுக்க அதில் கிடக்கும். அதை அழித்த அடுத்த நிமிஷம் காத்திருந்த ஓடிபிக்கள் தடதடவென்று கொட்டும். கடைசியாக வந்ததுதான் செல்லும்.

இனி நம்பரைத் தேர்ந்தெடுப்பது. 1234, பிறந்த வருஷம், போன் நம்பரின் கடைசி நாலு, வீட்டுக் கதவு எண், இதெல்லாம் கூடாது. காசிமேட்டு ஐயா ஒருவர் விசைப்படகின் நம்பரை வைக்கிறேன் என்றார். அது படகின் பக்கத்தில் பெயின்ட் அடித்து ஊருக்கே தெரிகிற நம்பர் ஆச்சே! வயதான மூளையில் புதுசு ஒட்டாது, பழசு உதிராது. அந்தப் பழசிலிருந்து எடுங்கள். பின்னி மில் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மதியம் சாப்பிட்டதை மறந்துவிட்ட தாத்தா ஒருவர் மில் டோக்கன் நம்பரை மட்டும் மூச்சுவிடாமல் சொன்னார், என் முன்னாலேயே. காதைப் பொத்திக்கொண்டு, அதை வைக்காதீங்க என்றேன். அதையே திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தினமும் ஏறின பஸ் நம்பர்கள் இரண்டைச் சேர்ப்பது இன்னொரு வழி: திருவொற்றியூர் 28-ஐயும் 56-ஐயும் ஒட்டினால் 2856. நான் எழுதிவிட்டதால் இதை விட்டுவிட்டு வேறு பஸ் பிடியுங்கள்.

எழுதி வைக்கலாமா? கூடாது என்று வங்கி சொல்லும். எழுதாவிட்டால் மறக்கப் போகிறவரிடம் அந்த அறிவுரை எடுபடாது. நான் எழுதச் சொல்வேன், ஆனால் கார்டு இருக்கும் இடத்தில் அல்ல. கார்டின் உறையில், பாஸ்புக்கின் பின் அட்டையில், சுருக்குப் பையில் மடித்த காகிதத்தில், திருடன் முதலில் பார்க்கும் இடங்களில்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். வீட்டு டைரியில், நிஜத்தில் இல்லாத ஒரு மேஸ்திரியின் பெயரைப் போட்டு, பத்து இலக்க போன் நம்பராக எழுதி, நடுவில் அந்த நாலு எண்ணை ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். எந்த மேஸ்திரி என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். டைரியை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் திரும்பி நிற்க, அவரே எழுதட்டும்.

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் 1967 ஜூன் 27-ல் பணம் தரும் இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். பிறந்தது நம் ஷில்லாங்கில். முதலில் ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். "எனக்கு நாலுதான் நினைவிருக்கும்" என்று மனைவி சொன்னதால் நாலாக்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். மறதிக்காரிக்காக வைத்த நம்பர்தான் ஆயா இது, நீ ஏன் வெட்கப்படுற என்பேன். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏடிஎம்முக்குக் கூடப் போகிறீர்களா? உள்ளே நுழையும் முன்னே வாசலிலேயே பாடம் சொல்லிவிடுங்கள்: தமிழைத் தேர்ந்தெடு, நம்பரைப் போடு, சேமிப்புக் கணக்கு, தொகை. உள்ளே போனதும் இரண்டடி தள்ளி, திரைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கண்புரை, சர்க்கரை என்று பார்வை மங்கியவர்களுக்கு விசைப்பலகையின் 5-ன் மேல் ஒரு புள்ளி தடவினால் தெரியும். அதை வைத்து மற்ற எண்களுக்குப் போகப் பழக்குங்கள். நேரம் முடிந்து கார்டு வெளியே வந்தால் திட்டாதீர்கள். "நான் எடுத்துத் தரேன் பெரிம்மா" என்று பின்னாலிருந்து கை நீட்டுகிறவனிடம் கார்டு போகவே கூடாது. நம்பரைப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் இங்கே பழைய வித்தை. உடனடியாகக் கொடுக்கும் கார்டுகளில் பெயர் இருக்காது, மாறினாலும் தெரியாது. ஓரத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். சிப்பின் மேலும் பின்பக்கக் கறுப்புப் பட்டையிலும் படக் கூடாது.

ஏடிஎம் நம்பர் வேறு, கூகுள் பே, போன்பே கேட்கும் யூபிஐ பின் வேறு. இரண்டையும் குழப்பித்தான் பலர் முடக்கிக்கொள்கிறார்கள். யூபிஐ பின்னை ஆப்பிலேயே, கார்டின் கடைசி 6 எண்ணும் காலாவதி மாதமும் கொடுத்து மாற்றலாம். வங்கி அனுமதித்தால் ஆதார் வழியாகவும் முடியும். பணம் வருவதற்கு எந்த பின்னும் தேவையில்லை என்பதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார்களின் தலைவலி. அதற்கு முன்னால் ஈமெயிலைச் சரி பாருங்கள், மற்ற எல்லாவற்றையும் மீட்க அது வேண்டியிருக்கும். பாஸ்வேர்டுக்கு @-ம் $-மாக எதையோ உருட்டித் தருவதைவிட, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து நடுவே ஓர் எண்ணும் குறியும் வைத்தால் நீளமாகவும் இருக்கும், வாயிலும் வரும். அதுவும் டைரியில்தான்.

கார்டே வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தாதீர்கள். பாஸ்புக்கும் பணம் எடுக்கும் படிவமும் இன்னும் செல்லும். மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுன்டரோ முன்னுரிமையோ தர வேண்டும், 70 வயது தாண்டியவர்களுக்கும், உடல்நலம் குன்றியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். கையெழுத்து போட முடியாமல் படுத்திருப்பவரின் கைவிரல் ரேகையை, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையை, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகளோடு ஏற்கவும் விதி இருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கு வந்து ஆதார் ரேகை வைத்துப் பணம் தருவதில் பின் நம்பரே கிடையாது. ஆனால் வருஷக்கணக்கில் இறால் உரித்தவர்களின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல்தான் என்று சட்டமில்லை.

நம்பர் மாற்றிய வாரத்தில் "உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு" என்று ஒரு போன் வந்தால், நாம் செய்த வேலையின் தொடர்ச்சி என்று நினைத்து அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். ஆகவே கிளம்பும்போதே சொல்லி அனுப்புங்கள்: இதுக்காக யாரும் போன் பண்ண மாட்டாங்க. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன், அப்புறம் வங்கி. நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கிவிடக் கூடாது.

நம்பர் மட்டும் மறந்தால் அது வயசு. அடுப்பை அணைக்க மறந்து, தெரிந்த தெருவில் வழி தவறி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பி12 குறைவு, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு எனச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கின்றன. குடும்ப ஏற்பாட்டையும் அவருக்குத் தெளிவு இருக்கும்போதே செய்யுங்கள்: கணவன் மனைவிக்குக் கூட்டுக் கணக்கு, நாமினி பெயர். பவர் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம் என்று நம்பி இருக்காதீர்கள், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்துவிட்டால் அது செல்லாது.

கடைசியாக ஒன்று, சங்கடமான விஷயம். இறந்தவரின் கார்டில் பணம் எடுக்கக் கூடாது, காரியச் செலவுக்கென்றாலும் சரி, பின் தெரிந்திருந்தாலும் சரி. அவர் இறந்த பிறகு வரவு வைத்த பென்ஷனை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். நாமினி இறப்புச் சான்றிதழோடு கிளைக்குப் போக வேண்டும். சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பிரின்டுக்கு மட்டும் என்னிடம் வந்தால் போதும்.