நாய்ப் புத்தகம் வாங்கும் முன் இரண்டு பக்கம் புரட்டுங்கள்

பதிப்பகத்தின் துணையின்றி எழுத்தாளர்களே வெளியிடும் நாய்ப் புத்தகங்களில் அருமையானவை உண்டு. ஒரே நாயோடு பல வருடம் வாழ்ந்தவரின் நுணுக்கம் தடித்த கையேடுகளில் கிடைக்காது. ஆனால் சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் தவறும் அப்படியே அச்சேறிவிடும்.

வளர்ப்பு நூல் என்றால் நான் முதலில் தேடுவது உணவு அத்தியாயத்தை. திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட், சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சேரும் சைலிட்டால் எல்லாம் நாய்க்கு நஞ்சு. திராட்சையை நல்ல தின்பண்டம் என்று எழுதியிருந்தால் அங்கேயே மூடிவைத்துவிடுவேன்.

அடுத்து, ‘நீங்கள்தான் கூட்டத்தலைவன் என்று நாய்க்குக் காட்டுங்கள்’ என்ற அறிவுரை இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதியதிலிருந்து கிளைத்த கருத்து இது. 1970இல் தன் நூல் மூலம் இதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பொதுவாகத் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். இன்னமும் நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்கச் சொல்லும் புத்தகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கதை, நினைவுக்குறிப்பு என்றால் இந்தக் கண்டிப்பு வேண்டாம். மின்னூல் கடைகள் பெரும்பாலும் தொடக்கப் பக்கங்களை இலவசமாகவே படிக்கத் தருகின்றன. அதில் வரும் நாய் பதற்றத்தில் கொட்டாவி விடுகிறதா, படுக்கும் முன் ஒரு வட்டம் அடிக்கிறதா? அப்படியென்றால் எழுதியவர் நாயைப் பார்த்து எழுதியிருக்கிறார், வாங்கலாம்.